அட்டையும் ஓலையும் கைபேசியும்

செங்கற்பட்டு முதல் மாமல்லபுரக் கடற்கரை வரையிலுள்ள ஊர்களின் பள்ளி மேலாண்மைக் குழுக்களில் அமர்ந்திருக்கும் பெற்றோர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய தாய்மார்களே, தந்தையரே,

பிள்ளைகளின் கையிலிருக்கும் கைபேசியைக் குறித்து நாள்தோறும் ஒரு வழக்கு நடைபெறாத வீடு நம் மாவட்டத்தில் இன்று அபூர்வமாகிவிட்டது. ஜி.எஸ்.டி. சாலையோரத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும், கொளவாய் ஏரியை அடுத்த பழைய தெருக்களிலும், தேவனேரி, கொக்கிலமேடு போன்ற மீனவர் ஊர்களிலும், அந்தி சாய்ந்ததும் எழுகின்ற குரல்கள் ஒரே தன்மையன: விளையாட்டை நிறுத்தச் சொல்லும் தாயின் குரல் ஒன்று, இன்னும் ஐந்தே நிமிஷம் என்று மன்றாடும் பிள்ளையின் குரல் மற்றொன்று. இவ்வழக்கில் நம்மில் ஒரு சாரார் கைபேசியைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டுகிறோம்; மற்றொரு சாரார், நாள் முழுதும் உழைத்த அலுப்பில் வாதாட வலுவின்றி, எப்படியாவது ஆடித் தொலையட்டும் என்று விட்டுவிடுகிறோம். இரண்டு வழிகளும் வேறுவேறாகத் தோன்றினாலும் ஓர் அம்சத்தில் ஒன்றே: பிள்ளையின் விளையாட்டில் பெரியவர்களுக்கு யாதொரு பங்கும் இல்லை என்பதை இரண்டுமே ஒப்புக்கொண்டுவிடுகின்றன. இவ்விரண்டிற்கும் புறம்பாக மூன்றாவது வழி ஒன்று உண்டென்றும், அது நம் கைக்கெட்டிய தூரத்திலேயே இருக்கிறதென்றும் நான் உறுதியாக நம்புவதால், இம்மடலை உங்கள் சமூகத்துக்கு எழுதுகிறேன்.

விளையாடுகிறவர்கள் தாமே வெட்டி, மடித்து, கோத்து உருவாக்கிய உபகரணத்தைக் கொண்டு வீடியோ கேம் ஆடுவதே நான் சொல்ல வந்த விஷயம். இத்தகைய உபகரணங்கள் குடும்பங்களின் மனத்தைக் கவருமா, கவர்ந்தாலும் அந்தக் கவர்ச்சி நிலைக்குமா என்ற கேள்விக்கு உலகம் ஒரு பெரிய பரீட்சையே நடத்திப் பார்த்திருக்கிறது. ஜப்பான் தேசத்து நிண்டெண்டோ நிறுவனம் 2018 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் லாபோ என்ற பெயரில் ஒரு பொருளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பெட்டியைத் திறந்தால் உள்ளே மின்சாரக் கருவி எதுவும் இல்லை. துளையிட்டு மடிப்புக்கோடு பதித்த 28 அட்டைத் தாள்களும், கொஞ்சம் நூலும், ரப்பர் வளையங்களும், ஒளியைப் பிரதிபலிக்கும் ஒட்டுத்தாளும், அவற்றோடு ஒரு மென்பொருளும் மட்டுமே. அந்த அட்டைகளிலிருந்து ஒரு பியானோ, ஒரு தூண்டில், ஒரு வீடு, ஒரு மோட்டார் சைக்கிளின் கைப்பிடி, தானே ஊர்ந்து செல்லும் ஒரு வண்டி ஆகிய ஐந்தையும் குடும்பத்தார் தம் கையாலேயே கட்ட வேண்டும். கட்டிய பின், அந்நிறுவனத்தின் ஸ்விட்ச் என்னும் விளையாட்டுக் கருவியையும் அதன் இரு கைப்பிடிகளையும் அவற்றுள் செருகினால், அட்டை உயிர்பெற்றுவிடும்.

அது உயிர்பெறும் விதம்தான் ஆச்சரியமானது. அட்டைப் பியானோவின் 13 கட்டைகளின் பின்புறத்திலும் பிரதிபலிக்கும் ஒட்டுத்தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. விரல் ஒரு கட்டையை அழுத்தும்போது அந்தத் துண்டு இடம்பெயர்வதை, கைப்பிடியிலுள்ள அகச்சிவப்புக் கேமரா கண்டுகொண்டு, அதற்குரிய ஸ்வரத்தை ஒலிக்கச் செய்கிறது. ஊர்ந்து செல்லும் வண்டிக்குச் சக்கரமும் கிடையாது, மோட்டாரும் கிடையாது. இரு கைப்பிடிகளும் அதிர்கின்ற அதிர்வே அதனை முன்னோக்கித் தள்ளுகிறது. தூண்டிலின் கைராட்டினத்தைச் சுற்றுகையில் கடகடவென்று கேட்கும் சத்தம்கூட யந்திரத்தினின்று வருவதன்று. அட்டைத் துண்டு ஒன்று பற்களின்மீது உரசி எழுப்பும் சத்தமே அது. இவ்வளவையும் ஒரு குழந்தை தன் கண்ணெதிரே, தன் கையாலேயே பொருத்துகிறது. பொருத்தும்போதே, இது ஏன் இப்படி இயங்குகிறது என்ற காரணமும் அதற்குப் பிரத்தியட்சமாகிவிடுகிறது. கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பொம்மை தன் வயிற்றுக்குள் மறைத்துவைக்கும் ரகசியத்தை அந்த அட்டை ஒளிவுமறைவின்றிக் காட்டிவிடுகிறது.

அதன் பின்னணியில் ஒரு நெடிய சிந்தனை மரபும் இருந்தது. 1889 ஆம் ஆண்டில் கியோத்தோ நகரில் சீட்டுக்கட்டு செய்யும் தொழிலாகத் தொடங்கிய அந்நிறுவனத்தில், இயந்திரங்களைப் பராமரிக்கும் பணியில் இருந்த குன்பெய் யோகோய் என்பவர், ஓய்வு வேளையில் தமக்காகச் செய்துவைத்திருந்த, நீண்டு சுருங்கும் பிடிகரம் ஒன்று முதலாளியின் கண்ணில் பட, அதுவே 1966 இல் விளையாட்டுப் பொருளாக வெளிவந்து பெரும் விற்பனை கண்டது. புத்தம் புதிய தொழில்நுட்பத்தைத் துரத்திக்கொண்டு ஓடுவதைக் காட்டிலும், மலிந்து பழகிப்போன தொழில்நுட்பத்தை எவரும் நினையாத உபயோகத்துக்குத் திருப்புவதே மேல் என்பது அவர் தம் வாழ்நாள் முழுதும் கொண்டிருந்த சித்தாந்தம். அட்டையைக் காட்டிலும் மலிந்ததும் பழகியதுமான பொருள் வேறு எது?

சரி, இந்தப் பரீட்சையின் முடிவு என்ன? முதற் பகுதி மிகச் சிறப்பாகவே அமைந்தது. கட்டும் அனுபவத்தை விமரிசகர்கள் ஏறக்குறைய ஒருமனதாகப் புகழ்ந்தார்கள். திரையில் தோன்றும் செய்முறைப் படத்தை விரும்பிய பக்கம் திருப்பிப் பார்க்கலாம், முன்னும் பின்னும் ஓட்டலாம். ஆகவே வீடியோ கேம் என்றால் காத தூரம் ஓடும் பெரியவர்கூட, பேரக்குழந்தையின் அருகில் அமர்ந்து மடிப்புக்கோட்டை அழுத்திக் கொடுக்க முடிந்தது. ஒரு பியானோவைக் கட்டி முடிக்க இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேலும் ஆகும். அத்தனை நேரமும் குடும்பம் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும். ஆனால் இரண்டாம் பகுதி அத்துணைச் சிறப்பாக அமையவில்லை. கட்டி முடித்த பின் ஆட வேண்டிய விளையாட்டுகள் மெலிந்தவையாகவும் விரைவில் சலிப்பூட்டுபவையாகவும் இருந்தன; பெரிய பெரிய அட்டை உருவங்களை வீட்டில் எங்கே வைப்பது என்பதும் ஒரு தொல்லையாயிற்று. 2019 ஏப்ரலில் வெளிவந்த மெய்நிகர்க் கண்ணாடித் தொகுப்புக்குப் பின் புதிய தொகுப்பு எதுவும் வரவில்லை.

இந்த இரு பகுதிகளையும் சேர்த்து நோக்கினால்தான் உண்மை விளங்கும். குடும்பங்களை ஈர்த்தது பொருளன்று, அதைக் கட்டும் செயல். அந்தச் செயல் முடிவுற்றபோது ஈர்ப்பும் முடிவுற்றது. ஒரே ஒரு விதமாக மட்டுமே பூர்த்தியாகக்கூடிய தொகுப்பு, விடை தெரிந்துவிட்ட விடுகதையைப் போன்றது. அதை மறுமுறை கேட்க எவருக்கும் ஆவல் எழாது. லாபோவிலும் இதற்கொரு மாற்று இருக்கத்தான் செய்தது. இது நேர்ந்தால் அது நிகழட்டும் என்று குழந்தைகளே விதி வகுத்து, தம் சொந்தக் கற்பனையில் புதுக் கருவிகள் சமைத்துக்கொள்ள உதவும் பட்டறைப் பகுதி ஒன்று அந்த மென்பொருளினுள்ளேயே இருந்தது; அதைப் பயன்படுத்தி வேறு வேறு வாத்தியங்களையும் இயந்திரங்களையும் உருவாக்கியவர்களுக்குச் சலிப்பு அவ்வளவு எளிதில் தோன்றியிராது. ஆகவே என் அபிப்பிராயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: தாமே கட்டும் விளையாட்டு உபகரணங்கள் குடும்பங்களைக் கவரும், ஐயமில்லை, ஆனால் அந்தக் கவர்ச்சி, பிரித்து மீண்டும் கட்டவும், பழுது பார்க்கவும், தம் மனம்போல் மாற்றவும் இடம் இருக்கும் வரையில்தான் நீடிக்கும். முடிவு திறந்திருக்கும் உபகரணமே குடும்பத்துக்கு உகந்த உபகரணம்.

இனி நம் ஊருக்கு வருவோம். லாபோ வெளிவந்தபோது அதன் விலை 70 டாலர். அக்காலச் செலாவணியில் ஏறக்குறைய 4,600 ரூபாய். அதை இயக்கும் ஸ்விட்ச் கருவியோ அப்போது 300 டாலர். அதாவது ஏறக்குறைய 20,000 ரூபாய். அதிகாலையில் கடலுக்குச் சென்று திரும்பும் குடும்பத்துக்கும், கற்பட்டறையில் தினக்கூலிக்குச் சிற்பம் செதுக்கும் குடும்பத்துக்கும் இந்தத் தொகை எட்டாக்கனி. ஆனால் நான் உங்களிடம் பரிந்துரைப்பது அந்தப் பெட்டியை அன்று. அதன் உட்பொருளை மட்டுமே. அந்த உட்பொருள் நம் மண்ணுக்கு அந்நியமானதன்று என்பதை நீங்களே அறிவீர்கள்.

நுங்கு தின்ற பின் எஞ்சிய இரண்டு கூடுகளை ஒரு குச்சியால் இணைத்து, கவைக்கோலால் தள்ளிக்கொண்டு ஓடிய வண்டி நம் பிள்ளைகளின் வண்டி. பனையோலையை இரண்டாகக் கிழித்து முடைந்து, கருவேல முள்ளைக் குத்திக் காற்றில் ஓடவிட்ட காற்றாடி நம் பிள்ளைகளின் யந்திரம். இவற்றிலெல்லாம் செய்வது வேறு, விளையாடுவது வேறு என்ற பேதமே இல்லை. செய்வதே விளையாட்டின் முதல் அங்கம். பெரியவர்களின் தொழிலிலும் அதே தர்மம்தான் நிலவியது. நம் கரையில் ஓடிய கட்டுமரம், மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்துக் கட்டிக் கடலில் இறக்கி, கரை சேர்ந்ததும் அவிழ்த்து உலர்த்தி, மறுபடியும் கட்டப்பட்ட கலம். அந்தக் கலத்தைக் கட்டத் தெரியாதவன் அதை ஓட்டவும் தகுதியற்றவன். மாமல்லபுரத்துச் சிற்பியும் தன் உளியின் முனை மழுங்கினால் அதைக் கொல்லுலையில் காய்ச்சி அடித்துக் கூராக்கிக்கொள்கிறான். கருவியை அறிந்தவனுக்கே கல் வசப்படும். 1957 முதல் சிற்பக் கல்லூரி நடந்துவரும் ஊரில், வலையைத் தம் கையாலேயே முடையும் குடும்பங்கள் நிறைந்த கரையில், பிள்ளைகள் மட்டும் தாம் பயன்படுத்தும் கருவி எவ்வாறு இயங்குகிறது என்றறியாமல் கண்ணாடித் தகட்டைத் தேய்த்துக்கொண்டிருப்பது நமக்குத் தகுமா?

பாரத தேசத்தில் இத்துறைக்கென்றே வாழ்வை அர்ப்பணித்த ஒருவரை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்று, புணே நகரத்து மோட்டார் தொழிற்சாலையில் பொறியியலாளராகப் பணிபுரிந்த அரவிந்த குப்தா, 1978 ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத்தில் கிராமப் பள்ளிகளுக்கான அறிவியல் கல்வி இயக்கத்தைக் கண்டு மனம் மாறினார். தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வுக் குழாய்த் துண்டுகளையும் கொண்டு அவர் அமைத்த உருவங்களில் தொடங்கி, குப்பைக்குப் போகும் பொருள்களிலிருந்து அவர் படைத்த விளையாட்டுக் கருவிகள் பலப்பல. ஒவ்வொன்றின் செய்முறையையும் எவரிடமும் காசு வாங்காமல் உலகத்துக்கு வழங்கிவருகிறார். 2018 ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். ஒரு பொம்மையைக் கொண்டு குழந்தை செய்யக்கூடிய ஆகச்சிறந்த காரியம், அதைப் பிரித்துப் பார்ப்பதே என்ற கொள்கையை அவர் தம் செயலால் நிலைநாட்டினார். நம் தமிழகத்திலும் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும், அதன் சிறுவர் இதழான துளிரும் இந்தப் பணியைப் பல்லாண்டுகளாகச் செய்துவருகின்றன.

இந்த மரபைக் கைபேசி விளையாட்டோடு இணைப்பது எப்படி என்று நீங்கள் கேட்கலாம். அது மிக எளிது, செலவோ அற்பம். கைபேசியின் தொடுதிரை, நம் உடலில் மின்சாரம் பாயக்கூடிய தன்மையைக் கொண்டே விரலை உணர்கிறது. ஆதலால் உணவுப் பொட்டலத்தில் வரும் அலுமினியத் தாளில் விரல்நுனி அளவு வட்டம் ஒன்றை வெட்டித் திரையின் பொத்தான்மீது படும்படி வைத்து, அதனோடு தொடர்ந்துவரும் அலுமினியப் பட்டை ஒன்றை அட்டையில் ஒட்டி வெளியே கொணர்ந்தால், பட்டையின் மறுமுனையைத் தொடுவதே திரையைத் தொடுவதாகிவிடும். இந்த ஒரு தத்துவம் போதும். பழைய செருப்புப் பெட்டியில் துளையிட்டுக் கைபேசியைப் பொதிந்து, இரு புறமும் இரு பட்டைகளை இழுத்துவிட்டால், பெட்டி ஒரு மோட்டார் வண்டியின் கைப்பிடியாகலாம், படகின் சுக்கானாகலாம், மத்தளமாகலாம். பட்டை ஓரிடத்தில் அறுந்தால் விளையாட்டு நின்றுவிடும். எங்கே அறுந்தது என்று தேடிக் கண்டுபிடித்து ஒட்டுவதும் விளையாட்டின் ஓர் அங்கமே. அந்தத் தேடலில் ஒரு பத்து வயதுக் குழந்தை கற்றுக்கொள்ளும் மின்சுற்றுப் பாடத்தைக் கரும்பலகை அவ்வளவு எளிதில் கற்பித்துவிடாது.

வீட்டிலோ பள்ளியிலோ கணினி இருக்குமானால் இன்னும் ஒரு படி மேலே செல்லலாம். ஒதுக்கிவைத்த, ஆனால் இன்னும் இயங்கும் பழைய மௌஸ் ஒன்றின் உள்ளே, சொடுக்கும் விசையின் இரு முனைகளிலிருந்தும் இரு கம்பிகளை வெளியே இழுத்து, அவற்றை இரண்டு அலுமினியத் தகடுகளோடு இணைத்தால், தகடுகள் ஒன்றையொன்று தொடும்போதெல்லாம் கணினி அதைச் சொடுக்காகவே ஏற்கும்; பிறகு குதித்தாலும் மிதித்தாலும் கைதட்டினாலும் இயங்கும் விளையாட்டுகளை அமைக்கலாம். 2012 இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூட மாணவர்களான ஜே சில்வர், எரிக் ரோசன்பாம் ஆகிய இருவரும் வெளியிட்ட மேக்கி மேக்கி என்னும் சிறு பலகை, வாழைப்பழத்தையும் பிசைந்த மாவையும்கூட விசைகளாக்கி உலகத்தைச் சிரிக்கவும் சிந்திக்கவும் வைத்தது. உப்புச் சேர்த்துப் பிசைந்த மாவில் மின்சாரம் பாயும். அந்த உப்பு நமக்குத் தெற்கே மரக்காணத்து உப்பளங்களிலேயே விளைகிறது. 2007 இல் அதே எம்.ஐ.டி.யிலிருந்து வெளிவந்து, காசின்றியே கிடைக்கும் ஸ்கிராட்ச் என்னும் மென்பொருளில், குழந்தைகள் வண்ணக் கட்டைகளை அடுக்குவதுபோல் கட்டளைகளை அடுக்கித் தம் விளையாட்டைத் தாமே எழுதிவிடலாம். கடலில் வலை வீசி மீன் பிடிக்கும் விளையாட்டை ஒரு மீனவச் சிறுமி எழுதி, அதற்கொரு வலைக்கயிற்றுப் பிடியையும் தானே கட்டுவாளானால், லாபோவின் தூண்டிலைக் காட்டிலும் அது எவ்விதத்தில் குறைந்தது?

உங்கள் உள்ளத்தில் எழக்கூடிய ஆக்ஷேபங்களையும் நான் அலட்சியம் செய்வதற்கில்லை. இறுதியில் குழந்தை திரைக்குத்தானே திரும்புகிறது என்பீர்கள். உண்மை, ஆனால் கட்டிய மூன்று மணி நேரத்தில் திரை வெறும் உதவியாளாக ஒதுங்கி நிற்கிறது, அதன்பின் ஆடும் அரைமணி நேரத்திலும், தான் படைத்த கருவி சரியாக இயங்குகிறதா என்று சோதித்துக்கொண்டே குழந்தை அமர்ந்திருக்கிறது. வீடு குப்பையாகும் என்பீர்கள். ஆகும், நம் சிறிய வீடுகளில் அட்டை உருவங்களைச் சேமித்துவைக்கவும் இடமில்லை. ஆகையால், ஆடி முடித்ததும் பிரித்து மடித்துக் கட்டிலுக்கடியில் வைக்கும்படியாக ஆதியிலேயே அமைக்கச் சொல்லுங்கள். நம் கடற்கரையின் உப்புக் காற்றிலும் ஐப்பசி மழையின் ஈரத்திலும் அட்டை நொய்ந்துபோகும் என்று மாமல்லபுரத்துத் தாய்மார்கள் சொல்வார்கள். சொல்வது மெத்தவும் சரி. பனையோலை அங்கே அட்டையினும் உறுதியானது. ஈர்க்கும் மட்டையும் நாரும் சேர்ந்தால் தேவையான சட்டகம் தயாராகிவிடும். அவற்றை முடையத் தெரிந்த மூதாட்டி ஒருவர் அந்தக் குழந்தையின் பக்கத்தில் வந்தமர்வதே இவ்வேற்பாட்டின் பெரிய லாபம்.

மதிப்பெண்ணுக்கு இதனால் என்ன பிரயோஜனம் என்றும் சிலர் கேட்கலாம். உடனடிப் பிரயோஜனத்தை நான் வாக்களிக்க மாட்டேன். ஆனால் தவறிய ஒன்றைக் கண்டு கலங்காமல், காரணம் தேடி, மறுமுறை முயலும் சுபாவம் ஒரு பிள்ளைக்கு வாய்க்குமானால், அது கணக்குத் தாளிலும் துணை நிற்கும், வாழ்க்கையிலும் துணை நிற்கும். மூன்று எச்சரிக்கைகளை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன். சுவரிலுள்ள மின்சாரத்தை எக்காரணம் கொண்டும் எந்த விளையாட்டுக்கும் இணைக்கக் கூடாது. கணினியில் செருகியிருக்கும் மௌஸைத் திறக்கக் கூடாது. கழற்றிய பின்னரே, பெரியவர் முன்னிலையிலேயே திறக்க வேண்டும். பிளேடும் கூர்மையான கத்தியும் பெரியவர் கையில் இருக்கட்டும். கத்தரிக்கோல் பிள்ளைகள் கையில் இருக்கட்டும். இதற்கும் மேலாக ஒரு வேண்டுகோள்: பெண் குழந்தையை வண்ணம் தீட்டவும் பசை தடவவும் மட்டும் அமர்த்திவிட்டு, கம்பியையும் விசையையும் ஆண் குழந்தையிடம் கொடுக்கும் வழக்கத்தை இந்த மேசையருகே அனுமதிக்காதீர்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் அமர்ந்திருக்கும் நீங்கள் வெறும் பார்வையாளர்கள் அல்லர். 2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், அக்குழுவின் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராகவும், பாதிப்பேர் மகளிராகவும் இருக்க வேண்டுமென்று விதித்திருக்கிறது. அந்த உரிமையைக் கொண்டு உங்களிடம் மூன்று காரியங்களை எதிர்பார்க்கிறேன். முதலாவது, மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலையைப் பள்ளி வளாகத்திலேயே கருவி கட்டும் மாலைப்பொழுதாக அமையுங்கள். பிள்ளையோடு பெற்றோரில் ஒருவரோ பாட்டனாரோ பாட்டியாரோ வந்தால்தான் மேசையில் இடம் என்று நியமம் வையுங்கள். இரண்டாவது, நம் மாவட்டத்தில் எந்தப் பள்ளியில் மத்திய அரசின் நிதி ஆயோக் 2016 முதல் நிறுவிவரும் அடல் டிங்கரிங் ஆய்வகம் இருக்கிறதென்று விசாரியுங்கள்; 20 லட்சம் ரூபாய் வரை மானியம் பெறும் அந்த ஆய்வகங்களின் கருவிகள் பூட்டிய அலமாரியில் தூசி படியாமல், அருகிலுள்ள சிறிய பள்ளிகளின் 6 முதல் 12 ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் பயன்படக் கேளுங்கள்; 2022 நவம்பரில் நம் மாநில அரசு தொடங்கிய வானவில் மன்றத்தின் கருத்தாளர்களையும் துணைக்கு அழையுங்கள். மூன்றாவது, நம் ஊரின் சிற்பிகளையும், வலை முடைவோரையும், மிதிவண்டிக் கடைக்காரரையும், கைபேசி பழுது பார்க்கும் இளைஞரையும் அந்த மாலைக்கு விருந்தினராக அழைத்து, ஆசிரியருக்குரிய கௌரவத்தை அவர்களுக்கு அளியுங்கள். ஒரு கருவியை அறிந்து ஆளுகின்றவர்கள் தம்மைச் சுற்றிலும் இருக்கிறார்கள் என்பது பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.

2022 ஆம் ஆண்டு ஜூலை இறுதியிலும் ஆகஸ்டு முதற்பகுதியிலும் உலகத்துச் சதுரங்க வீரர்கள் நம் மாமல்லபுரத்துக்கு வந்து ஒலிம்பியாட் ஆடிச் சென்றபோது, விளையாட்டு என்பது கல்விக்கு விரோதியன்று, அறிவின் ஒரு முகமே என்பதைக் கண்ணாரக் கண்டு பெருமைப்பட்டோம். அந்தப் பெருமையை, விளையாட்டின் கருவியைப் படைக்கும் பிள்ளைகளுக்கும் உரியதாக்குவோம். முதல் மாலைக்கு விலையுயர்ந்த பெட்டி எதையும் எவரும் வாங்கிவர வேண்டாம். வீட்டில் கிடக்கும் அட்டைப்பெட்டிகளும், அலுமினியத் தாளும், ஒரு கத்தரிக்கோலும், ஒரு பழைய கைபேசியும், அவற்றோடு உங்கள் பிள்ளைக்கென ஒதுக்கிய இரண்டு மணி நேரமும் இருந்தால் போதும். அடுத்த குழுக் கூட்டத்திலேயே இதற்கொரு தீர்மானம் நிறைவேற்றி நாளைக் குறித்துவிடுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் ஊரையும் பிள்ளைகளையும் நேசிக்கும்
செங்கற்பட்டு வாசி ஒருவர்